எல்லைக்கு இருபுறமும் ஒரே டீம்: வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களை நடத்தப் புதிதாக வந்தவருக்கு

தென்காசி, செங்கோட்டை, புளியரை தமிழ்நாட்டுப் பக்கம். மலையில் கோட்டைவாசல் தாண்டினால் கேரளா: ஆரியங்காவு, தென்மலை, புனலூர். தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஸோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி 2011-ல் அலுவலகம் போட்டபோது, இந்த ஊர்களில் இருந்துகொண்டே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பது பலருக்கும் புதுசு. 2020-க்குப் பிறகு அது பேச்சுக்குக்கூட விஷயம் இல்லை. சென்னைக் கம்பெனிக்கும் கொச்சிக் கம்பெனிக்கும் வீட்டு மாடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள் தெருத்தெருவாக இருக்கிறார்கள். அவர்களில் வேலையில் கெட்டிக்காரராக இருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு, "இனிமே இந்தப் பத்துப் பேரையும் நீங்கதான் பார்த்துக்கணும்" என்று சொல்லிவிடுவார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அந்தப் புது டீம் லீடுக்காக இதை எழுதுகிறேன்.

பணியாளர் நலன் என்றதும் கம்பெனிகள் ஆன்லைன் யோகா வகுப்பு, தீபாவளிக்கு ஒரு பரிசுப் பெட்டி என்று ஆரம்பிக்கும். நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டில் இருந்து வேலை பார்ப்பவரை நோகடிப்பது பெரும்பாலும் நேரம்தான். எப்போது ஆரம்பிக்கிறது, எப்போது முடிகிறது, யார் எப்போது கூப்பிடலாம் என்ற கணக்கே இல்லாமல் போவது. அதைச் சரிசெய்யும் அதிகாரம் டீம் லீடான உங்கள் கையில் இருக்கிறது. முதலாளியிடம் காசு கேட்க வேண்டியதுகூட இல்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

1. முதல் வாரத்தில் நேரத்தாள்

டீமில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக அரைமணி நேரம் பேசி நாலு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு வேலைக்கு உட்காருகிறார், எத்தனை மணிக்கு எழுந்துவிட வேண்டும், இடையில் எந்த நேரம் கூப்பிடக் கூடாது, நிஜமான அவசரம் என்றால் அவர் வீட்டில் யாருடைய எண்ணுக்குப் போன் போடலாம். பிறகு எல்லாருடையதையும் ஒரே பக்கத்தில் போட்டு டீம் முழுக்கப் பார்க்கும்படி வையுங்கள்.

"உங்களுக்கு எந்த நேரம் வசதி?" என்று கேட்டால் "எந்த நேரம்னாலும் ஓகே சார்" என்றுதான் பதில் வரும். புதிதாக வந்த லீடிடம் யாரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். "உங்க வீட்ல எந்த நேரம் சத்தமில்லாம இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். அப்போதுதான் வீடு வெளியே வரும். காலை ஏழரைக்குக் குழாயில் தண்ணீர் வரும், பிடிக்க அவர் ஒருவர்தான் இருக்கிறார். எட்டே காலுக்குப் பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்ற வேண்டும். மாமனாருக்கு மதியம் ஒரு மணிக்கு இன்சுலின் போட வேண்டும். இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் காலை ஏழே முக்காலுக்குத் தினசரி மீட்டிங் வைத்தால், மியூட்டில் போட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டிருப்பார். ஒன்பதரைக்குத் தள்ளி வைத்தால் அவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.

வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. நமக்குக் கடிகாரம் மாறுவதில்லை, அவர்களுக்கு மாறும். நியூயார்க்கில் காலை 9 மணி என்பது கோடையில் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. லண்டனின் 9 மணி, மதியம் 1.30-லிருந்து 2.30-க்குப் போகும். அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறும் மார்ச் இரண்டாம் ஞாயிறும் மாறும். பிரிட்டனில் அக்டோபர், மார்ச் மாதங்களின் கடைசி ஞாயிறு. அந்த ஒரு மணி நேரத்தை யாரும் சொல்லாமலே டீம் சுமக்கும். காலையில் வழக்கமான நேரத்துக்கே லாகின் செய்துவிட்டு, ராத்திரி ஒரு மணி நேரம் கூடுதலாக உட்காருவார்கள். நவம்பரில் மீட்டிங் தள்ளிப்போனால் காலை நேரத்தையும் தள்ளி வையுங்கள். இதை நீங்களே முன்வந்து செய்ய வேண்டும், யாரும் வந்து கேட்க மாட்டார்கள்.

முடிகிற நேரத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், அதற்கு எண் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வுப்படி, வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை பார்ப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் பார்ப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். வாரம் ஆறு நாள், காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்து, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போக, இரவு எட்டுக்கு எழுந்தால் 57 மணி நேரம் ஆகிவிடுகிறது. நம் ஊரில் இதைப் பெரிய வேலையாகவே யாரும் எண்ணுவதில்லை.

வேலை நேரம் முடிந்த பிறகு அலுவலகத் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையை பிரான்ஸ் 2017 முதல் சட்டமாகவே வைத்திருக்கிறது. நாம் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். ராத்திரி பத்தரைக்கு உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள், ஆனால் மறுநாள் காலை போகும்படி நேரம் குறித்து அனுப்புங்கள். பெரும்பாலான மெயிலில் அந்த வசதி இருக்கிறது. "நாளைக்குப் பார்த்தா போதும்" என்று கீழே எழுதி ராத்திரியே அனுப்பினால், அவர் ராத்திரியேதான் பார்ப்பார்.

2. நாற்காலி, கரண்டு, இடி

வீடியோ காலில் அவரவர் உட்கார்ந்திருக்கும் இடத்தை ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். கட்டாயப்படுத்த வேண்டாம், விருப்பம் இருந்தால் போதும். கட்டிலில் சம்மணம் போட்டு, மடியில் தலையணை வைத்து, அதன்மேல் லேப்டாப். அல்லது பிளாஸ்டிக் நாற்காலியும், கதவோரம் தையல் மிஷின் மேஜையும். கழுத்து வலி அங்கேதான் பிறக்கிறது.

சரிசெய்வது சுலபம். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி லேப்டாப்பைப் பழைய புத்தகங்கள்மேல் ஏற்றி வைத்து, தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும் மாட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். முழங்கை மேஜை மட்டத்தில் மடங்கி இருக்க வேண்டும், பாதம் தரையில் படிய வேண்டும். எட்டவில்லை என்றால் காலுக்கடியில் ஒரு பலகை. கண்ணுக்கு, 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் இருக்கும் எதையாவது 20 விநாடி பார்த்தால் போதும். நம் ஊரில் ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும், அந்த வகையில் கொடுத்து வைத்தவர்கள். கம்பெனி ஆளுக்கு இவ்வளவு என்று ஒதுக்குகிறது என்றால் முதலில் நாற்காலிக்குக் கேளுங்கள், பரிசுப் பெட்டியெல்லாம் அப்புறம்.

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்காக 2018-ல் கேரளாவும் 2021-ல் தமிழ்நாடும் உட்காரும் உரிமையைச் சட்டத்தில் சேர்த்தன. நம் ஆட்களுக்கு நேர்மாறு: எழுந்திரிக்கச் சொல்ல ஆள் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் மீட்டிங் எதையும் வைக்காதீர்கள். வைத்தே தீர வேண்டும் என்றால் நடுவில் பத்து நிமிடம் விடுங்கள்.

அடுத்து கரண்டு. ஜூனிலிருந்து சாரல் சீசன். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது கொண்டாட்டம், நமக்குக் காற்றில் கிளை முறிந்து கம்பியில் விழும் மாதங்கள். இன்வெர்ட்டர் இருக்கிறவர் வீட்டிலும் நெட் போய்விடும், ஏனென்றால் ஃபைபர் பெட்டியும் ரௌட்டரும் இன்வெர்ட்டர் லைனில் இல்லாத பிளக்கில் மாட்டியிருக்கும். முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் இல்லாதவருக்கு ரௌட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் போதும். லேப்டாப் பேட்டரியும் அதுவுமாகச் சின்ன பவர் கட்டைத் தாண்டிவிடலாம். புனலூர்ப் பக்கம் சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் மத்தியானத்துக்கு மேல் இடி பலமாக இருக்கும். ஃபைபரின் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அடாப்டர் வழியாக மின்னல் உள்ளே வரும். இடி கேட்டதும் பிளக்கைப் பிடுங்குவது வேலை ஒழுங்கில் சேர்ந்தது என்று டீமிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் "கால் கட் ஆயிடுமே" என்று பயந்து, அடாப்டரை மாட்டியபடியே உட்கார்ந்திருப்பார்கள்.

"கரண்டு போச்சு" என்று ஒருவர் சொன்னால் நம்புங்கள். போட்டோ எடுத்து அனுப்பு என்று கேட்கும் லீடிடம் அடுத்த தடவை உண்மையான பிரச்சினை எதையும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

3. வாரம் ஒரு தனிப்பேச்சு

ஒவ்வொருவருக்கும் வாரத்தில் இருபது நிமிடம், மாறாத கிழமை, மாறாத நேரம். கேமரா வேண்டாம், போன் போதும். மொட்டை மாடியில் நடந்துகொண்டே பேசட்டும். ஒரு மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைவிட நடந்துகொண்டு பேசும்போது மனசு லேசாகத் திறக்கும்.

பேச்சு இப்படிப் போகலாம்.

"நேத்து எத்தனை மணிக்கு லேப்டாப்பை மூடுனீங்க?"

"பத்தரை இருக்கும் சார்."

"ஏழரைக்கு எழுந்துடுவேன்னுதானே நேரத்தாள்ல போட்டிருக்கோம்?"

"ரிப்போர்ட் முடியல சார். பகல்ல ஒக்கார முடியல. பாப்பாவுக்குக் காய்ச்சல்."

"அப்ப ரிப்போர்ட்டை வியாழக்கிழமைக்குத் தள்ளுறேன். கிளையண்ட்கிட்ட நான் சொல்லிக்கிறேன். இந்த வாரம் வேற எதை எடுத்துட்டா உங்களுக்கு லேசா இருக்கும்?"

கடைசிக் கேள்வியை விடாமல் கேளுங்கள். "எப்படி இருக்கீங்க?" என்பதற்கு "நல்லா இருக்கேன்" என்ற பதில் எல்லார் வாயிலும் தயாராக இருக்கிறது. எந்த வேலையை எடுக்கலாம் என்று கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். அப்படி எடுப்பதாகச் சொன்னால் எடுத்துவிடுங்கள். ஒருமுறை கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் விட்டால் அந்தக் கேள்வி செத்துப்போகும்.

பெண்களிடம் பேசும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டில் இருக்கிறாள் என்றால் சும்மாதான் இருக்கிறாள் என்ற எண்ணம் மலைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல்தான். மதியம் விருந்தாளி வந்தால் காபி போடவும் அவர், கிளையண்ட் காலை எடுக்கவும் அவர். வீட்டு விவகாரத்தில் நீங்கள் தலையிட முடியாது. ஆனால் "மதியம் ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் மேனேஜர் லைன்லயே இருப்பாரு, எழுந்திரிக்க முடியாது" என்று அவர் வீட்டில் சொல்லிக்கொள்ள உங்கள் பெயரைப் பயன்படுத்தலாம் என்று அனுமதி கொடுங்கள். நிறையப் பேருக்கு இது உதவும். ஆண்களுக்கும்தான், "சும்மாதானே இருக்க, ரேஷன் கடைக்குப் போயிட்டு வா" என்று அனுப்பப்படுகிறவர்கள் குறைவில்லை.

4. குரூப், மீட்டிங், கேமரா

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். வேலைக்கு ஒரு குரூப், அரட்டைக்கு இன்னொன்று, அரட்டைக் குரூப்பில் வேலை பேசக் கூடாது. மீட்டிங்கில் முடிவானதை அன்றே நாலு வரியில் எழுதிப் போடுங்கள். நெட் போய் வெளியே விழுந்தவரும் படித்துக்கொள்வார். கேமராவைக் கட்டாயமாக்காதீர்கள், ஒற்றை அறை வீட்டில் பின்னால் யாரோ துணி மாற்றிக்கொண்டிருக்கலாம்.

5. கண்காணிக்கும் மென்பொருள் பற்றி

மேலிடத்திலிருந்து இதைப் பற்றிப் பேச்சு நிச்சயம் வரும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படம் பிடிப்பது, மவுஸ் அசைவதை எண்ணுவது. என் கருத்து, முடிந்தவரை எதிர்த்துப் பேசுங்கள். மவுஸை எண்ண ஆரம்பித்தால் மவுஸ்தான் அசையும். அதைத் தானாக அசைக்கும் சின்ன மிஷின்கூட ஆன்லைனில் கிடைக்கிறது. பதிலுக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது, திங்கள்கிழமை ஒவ்வொருவருக்கும் அந்த வாரம் முடிக்க வேண்டிய மூன்று வேலைகளை எழுதி வைத்து, வெள்ளிக்கிழமை அதைப் பார்த்து அனுப்பும் கணக்கு. இதை இரண்டு மாதம் விடாமல் செய்து காட்டினால் மென்பொருள் பேச்சு அடங்க வாய்ப்பு உண்டு.

6. லீவு

1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர். பெண் எடுத்தது, கொடுத்தது எல்லாம் மலைக்கு இரண்டு பக்கமும் இருக்கும். அதனால் தென்காசிக்காரர் திருவோணத்துக்கு லீவு கேட்பார், புனலூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம் பொங்கலுக்குக் கேட்கும். தலைமை அலுவலகம் சென்னையில் இருந்தால் ஓணம் காலண்டரிலேயே இருக்காது, கொச்சியில் இருந்தால் மாட்டுப்பொங்கல் இருக்காது. தேசிய விடுமுறைகளைத் தவிர, பண்டிகை லீவில் சிலவற்றை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடும்படி நிர்வாகத்திடம் கேளுங்கள். வருட ஆரம்பத்திலேயே எழுதி வாங்கிவிட்டால் யார் இல்லாத நாளில் யார் பார்ப்பது என்பதும் முடிவாகிவிடும்.

கார்த்திகையும் மார்கழியும் தனி. டீமில் சிலர் மாலை போட்டிருப்பார்கள். விடிகாலைக் குளியல், ஒரு வேளைச் சாப்பாடு, சாயங்காலம் பூஜை. அவர்களுக்கு ராத்திரி ஷிப்ட் போடாமல் மாற்றிக்கொடுக்க முடிந்தால் கொடுங்கள். மாலை போடாதவர்களை அதற்குப் பலிகொடுக்கவும் கூடாது. தை பிறந்ததும் அவர்களுக்கு அதே அளவு ஈடு செய்யுங்கள்.

உடம்பு சரியில்லாதவர் "லீவு வேண்டாம் சார், படுத்துக்கிட்டே பார்த்துக்கிறேன்" என்பார். வீட்டிலிருந்து வேலை என்பதன் பெரிய தொல்லை இது. லீவைப் போடச் சொல்லி, குரூப்பிலிருந்து அன்றைக்கு வெளியே எடுத்துவிடுங்கள். நீங்கள் லீவில் இருக்கும்போது மெசேஜுக்குப் பதில் போட்டால் இத்தனை பேச்சும் வீண்.

மகப்பேறு விடுப்பு முடிந்து வருகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 26 வார விடுப்பைக் கொண்டுவந்த 2017 சட்டத் திருத்தமே, வேலையின் தன்மை இடம் கொடுத்தால் இருதரப்பும் பேசி வீட்டிலிருந்து வேலையைத் தொடரலாம் என்றும் சொல்லியிருக்கிறது. அலுவலகத்துக்குத் திரும்பக் கூப்பிடும் கம்பெனியிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

7. ஒருவர் மூழ்குவது தெரிந்தால்

வேலையில் தீய்ந்துபோவதை (பர்ன்-அவுட்) உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய் வகைப்பாட்டில் சேர்த்தபோது, அதை நோயாகச் சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாமல் நீடிக்கும் வேலையிட மன அழுத்தத்தின் விளைவு என்றது. அடையாளம் மூன்று: தீராத களைப்பு, வேலைமேல் வெறுப்பு அல்லது விலகல், தன்னால் ஒன்றும் முடியவில்லை என்ற எண்ணம். நேரில் பார்க்காதபோது இவை எழுத்தில்தான் தெரியும். நிறையப் பேசுகிறவர் "ஓகே", "டன்" என்று சுருங்கிவிடுவார். கச்சிதமாக வேலை செய்கிறவரிடம் சின்னச் சின்னப் பிழை வரும். நள்ளிரவு இரண்டு மணிக்கு ஃபைல் சேமிக்கப்பட்டிருக்கும். ஒன்று இருந்தால் கவனியுங்கள். இரண்டு சேர்ந்தால் தனிப்பேச்சு நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே போன் செய்யுங்கள்.

போனில் அறிவுரை வேண்டாம். "கொஞ்ச நாளா உங்க மெசேஜெல்லாம் ரெண்டு வார்த்தையில வருது, அதான் கூப்பிட்டேன்" என்று நீங்கள் பார்த்ததைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் பேசும்வரை பொறுங்கள். வேலைச் சுமை காரணம் என்றால் குறைப்பது உங்கள் கடமை. அதற்கு மேற்பட்டது என்றால் நீங்கள் டாக்டர் இல்லை. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், நாள் முழுக்க இயங்கும், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்வது பற்றி ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் இணைப்பைத் துண்டிக்காதீர்கள். இன்னொரு போனில் அவர் வீட்டில் உள்ளவரை உடனே பக்கத்தில் வரவழையுங்கள். இதற்காகத்தான் நேரத்தாளில் அவசர எண் வாங்கி வைக்கச் சொன்னேன். புளியரையில் இருக்கிறவருக்குச் சென்னையிலிருந்து யாரும் வந்து சேர முடியாது.

ஒரு பெண் ஊழியர், குறிப்பிட்ட ஒருவரின் மெசேஜையோ வீடியோ காலையோ நினைத்துத்தான் பயப்படுகிறார் என்று தெரிந்தால், நீங்கள் சமாதானம் பேசி வைக்கக் கூடாது. பத்துப் பேரும் அதற்கு மேலும் இருக்கும் நிறுவனத்தில் 2013 சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். மெசேஜை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லி, அந்தக் குழுவுக்கு எழுத உதவுங்கள்.

8. நேரில் கூடுவது

ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் நிக்கோலஸ் புளூம், சீனாவின் சிட்ரிப் என்ற பயண முன்பதிவுக் கம்பெனியில் நடத்திய சோதனையின் முடிவை 2015-ல் வெளியிட்டார். வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. ஆனாலும் சோதனை முடிந்து விருப்பம் கேட்டபோது பாதிக்கும் மேற்பட்டவர்கள் இடத்தை மாற்றிக்கொண்டார்கள். அலுவலகத்துக்குத் திரும்பியவர்கள் சொன்ன முக்கியக் காரணம் தனிமை. அதே கம்பெனியில் 1,612 பேரிடம் நடத்தி 2024-ல் அவர் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், வாரம் இரண்டு நாள் வீடு, மீதி நாள் அலுவலகம் என்று வைத்ததும் வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள், வேலையும் கெடவில்லை.

நம் டீமுக்கு அலுவலகமே இருக்காது. அதனால் மாதம் ஒருமுறை ஓரிடத்தில் கூடுங்கள். செங்கோட்டை நடுவில் இருக்கிறது. புனலூர்க்காரர்களுக்கு கேஎஸ்ஆர்டிசி பஸ்ஸும் உண்டு, 2018-ல் அகலப்பாதையாகத் திறந்த மலை ரயிலும் உண்டு. சபரிமலை சீசனில் அந்த ரோட்டில் வண்டி நகராது, அந்த இரண்டு மாதம் ரயிலுக்குத் தோதாக வையுங்கள், இல்லை விட்டுவிடுங்கள். கூடும் நாள் வேலை நாளாகவே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டு அதற்கு ஊழியர் நலன் என்று பெயர் வைக்காதீர்கள். போக்குவரத்துக் காசும் சாப்பாடும் கம்பெனி கணக்கில். காலையில் ஒன்றரை மணி நேரம் வேலைப் பேச்சு, பிறகு பேசாமல் விட்டுவிடுங்கள். பார்டர் பரோட்டா கடைக்குப் போகலாமா, ஐந்தருவிக்குப் போகலாமா என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். கேரளாப் பக்கம் திரும்ப வேண்டியவர்களை மட்டும் இருட்டுவதற்குள் வண்டி ஏற்றிவிடுங்கள், மலைப்பாதையில் சிக்னல் கிடைக்காது.